இருமல் இருந்த இடம்

சென்னியப்பன் கண்ணாடி அறைக்குள் போனது சரியாக எட்டு மணிக்கு. பத்து நிமிடம் பேச வேண்டியவர் ஆறாவது நிமிடமே எழுந்து வெளியே வந்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீர்வேங்கை பம்ப்ஸில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிற மனிதர், எந்த வேலையையும் பாதியில் போட்டுவிட்டு எழுந்தவர் இல்லை. நேராகப் படியேறி, தொழிற்சாலையில் புது முறைகளைக் கொண்டுவரும் மாற்ற மேலாளர் பூங்கோதையின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், உள்ள இருக்கறவன் இருமறானுங்க" என்றார்.

பூங்கோதைக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. உள்ளே யாரும் இல்லை. இருந்தது முன்குரல் என்ற பேசும் பெட்டி மட்டும்தான்.

முன்குரலை அந்தத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். மூன்று மாதம் ஒவ்வொருவரும் வேலையிடத்தில் பேசுவதை அது கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். பிறகு, அடுத்த மார்ச் மாதக் கடைசியில், அந்த ஆண்டுக்கான இலக்கை எட்டி முடித்த நிலையில், அதே ஆள் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசும். ஒவ்வொரு திங்கட்கிழமையும், தொழிற்சாலையில் அங்கங்கே இருந்த பத்துக் கண்ணாடி அறைகளில் தனக்கு ஒதுக்கியதில், ஒரு வயது கூடிய தன்னோடு தானே உட்கார்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும். எப்படி முடித்தாய் என்று கேட்டால் அது சொல்லும். மேலதிகாரி சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவர்கள்கூட, தன் குரலே வந்து 'நான் முடிச்சுட்டேன், நீயும் முடிச்சிருவ' என்று சொன்னபோது வாயடைத்துப்போனார்கள். பிறர் பேச்சை மறுத்துப் பழகியவனுக்குத் தன் பேச்சை மறுக்கத் தெரிவதில்லை.

சென்னியப்பன் பம்புகளைச் சோதிக்கும் பிரிவின் மேற்பார்வையாளர். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பம்பு சோதித்துக்கொண்டிருந்த பிரிவு, மார்ச்சுக்குள் இருநூற்று அறுபதைத் தொட வேண்டும் என்பது அவருடைய இலக்கு. பூங்கோதையின் இலக்கு வேறு. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரு திங்கள்கூடத் தவறாமல் அந்த அறைகளுக்குள் போய் வர வேண்டும். வெளியே தெரிகிற மாதிரி ஒரு புகார் வந்தாலும் பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று எம்.டி. எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் முன்னால் சொல்லியிருந்தார். பெட்டியோடு தன்னையும் சேர்த்துத்தான் அனுப்புவார் என்பது அவளுக்குத் தெரியும். இதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் மாற்றம் கொண்டுவரப் போய், மாறியது அவள் மட்டும்தான். வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதனால் சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னாள். தொண்டைக் கமறலாக இருக்குமோ என்று கேட்டாள்.

சென்னியப்பன் உட்காரவில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓடுகிற மோட்டார் மேல் திருப்புளியின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்பார். எந்தக் கருவியும் சொல்வதற்கு முன்னால், இந்த பம்பு பழுதாகித் திரும்பி வந்துவிடும் என்று சொல்லி ஓரமாக வைப்பார். வைத்தவற்றைப் பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"கமறல் இல்லீங்க. அடிநெஞ்சுல இருந்து வருதுங்க" என்றார். "பேரிங் போறப்ப மொதல்ல லேசா ஒரு சத்தம் வரும். காது வெச்சாத்தான் கேக்கும். ஆறு மாசம் கழிச்சு வாசல்ல நிக்கறவனுக்கும் கேக்கும். எனக்கு இப்ப காது வெச்சாக் கேக்கற மாதிரி இருக்குதுங்க அம்மணி. அவனுக்கு வாசல்ல நின்னாலே கேக்குது."

பேசும்போது அவர் கை சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டு மீண்டது. நாலாக மடித்த ஒரு தாள் அதிலிருந்து எட்டிப் பார்த்தது. லீவு விண்ணப்பமாக இருக்கும் என்று பூங்கோதை நினைத்தாள். கேட்கவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

முன்குரலைச் செய்து கொடுத்த கம்பெனியின் பொறியாளர் ஆல்வின் சென்னையில் இருந்தான். நல்ல பையன், கேட்டதற்குப் பதில் சொல்வான், கேட்காததற்கும் சொல்வான். விஷயத்தைக் கேட்டுவிட்டு விளக்கினான்.

"மேடம், அது வார்த்தையை மட்டும் கத்துக்கல. இன்னமும் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. குரல் போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் எவ்வளவு மாறியிருக்குன்னு பார்க்கும். அந்தப் போக்கை அப்படியே மார்ச் வரைக்கும் நீட்டும். அவர் பேச்சுல இப்பவே ஏதோ சின்னதா இருக்கணும். நம்ம காதுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்."

"அப்போ அது வியாதி சொல்லுதா?"

"வியாதின்னு அதுக்குத் தெரியாது. இருமல்ங்கறது அதுக்கு அவர் குரலோட ஒரு பகுதி, அவ்வளவுதான். ஆனா ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்களேன் மேடம். அதுல என்ன இருக்கு?"

அதில் என்ன இருக்கிறது என்பது பூங்கோதைக்குத்தான் தெரியும். முன்குரல் இருமியதால் ஒருவரை டாக்டரிடம் அனுப்பினோம் என்று தெரிந்தால் மறுநாள் நானூற்றுப் பதினொரு பேரும் அவள் மேசைக்கு முன்னால் நிற்பார்கள். சென்னியப்பன் முதல் பதினைந்து வருடம் வார்ப்படப் பிரிவில் மண் புழுதியில் நின்றவர். அவரோடு நின்றவர்கள் இன்னும் அறுபது பேராவது இருக்கிறார்கள். சங்கம் வரும், கேள்வி வரும், எம்.டி. பெட்டியைக் கட்டச் சொல்வார். இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் அவள் கண் முன்னால் ஓடியது. வேறு வழி இருக்கிறதா என்று கேட்டாள்.

பேச்சு அல்லாத சத்தங்களை வடிகட்டிவிடலாம் என்றான் ஆல்வின். இருமல், தும்மல், கனைப்பு, பெருமூச்சு எல்லாம் போய்விடும். ஆனால் ஒருவருக்கு மட்டும் போட முடியாது, எல்லாருக்கும் சேர்த்துத்தான். எழுத்தில் ஒரு வரி அனுப்பினால் போதும்.

மாற்ற மேலாண்மைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. யார் என்ன குறை சொன்னாலும் முதலில் அதை எதிர்ப்பு என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு அது எந்த வகை எதிர்ப்பு என்று பிரிப்பார்கள். பூங்கோதையின் படிவத்தில் நாலு கட்டங்கள் இருந்தன: பழக்கத்தை விட மனமின்மை, பதவி போய்விடும் பயம், வயது, புதிய தொழில்நுட்பம் குறித்த அச்சம். சொன்னது உண்மையாக இருக்கலாம் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. சென்னியப்பன் பெயருக்கு நேரே நாலாவது கட்டத்தில் குறியிட்டுவிட்டு, ஆல்வினுக்கு அந்த ஒரு வரியை அனுப்பினாள்.

மறுநாள் சோதனைப் பிரிவுக்குத் தானே இறங்கிப் போனாள். தொட்டியில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி புரண்டுகொண்டிருந்தது. சென்னியப்பன் காதிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

பூங்கோதை தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "அது ரிப்பேருங்கண்ணா. ரெக்கார்டிங்ல ஏதோ கோளாறாம். சரி பண்ணியாச்சு."

அவள் கணவன் தினகரன் இந்தக் கனைப்பைப் பற்றி வீட்டில் கிண்டல் செய்வான். இல்லாததைச் சொல்லப் போகும்போதெல்லாம் அவள் கனைப்பாள் என்பது அவன் கண்டுபிடிப்பு. கனைத்தாயிற்றா, சரி, இனிக் கதையைச் சொல் என்பான். அவள் கோபித்துக்கொள்வாள். தன் கனைப்பு தன் காதுக்குக் கேட்பதில்லை.

சென்னியப்பன் அவள் முகத்தையே பார்த்தார். மோட்டார் சத்தத்தில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு இது பிடிபடவில்லை. மனிதர்கள் மேல் திருப்புளி வைத்துக் கேட்கிறவர் இல்லை அவர். "அப்புடீங்களா? நல்ல வேளைங்க. நீங்க சொன்னாச் சரி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தன் நாளின் வெற்றியாக எடுத்துக்கொண்டு அவள் படியேறினாள்.

அடுத்த திங்கள் அவர் மறுபடி வந்தார். இருமல் நின்றுவிட்டது என்றார். ஆனால் அவன் பேசும்போது நடு நடுவே சும்மா நிற்கிறான், இருமல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் இடம் விடுகிறான் என்றார். குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். யோசித்துப் பேசுகிறார் போலிருக்கிறது, வயது கூடியிருக்கிறது அல்லவா என்று அவளும் வேடிக்கையாகவே சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

உண்மையில் அவளுடைய முன்குரலும் அப்படித்தான் பேசியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சின்ன நிறுத்தம். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த ஆண்டு நான் இவ்வளவு நிதானமான மனுஷியாகிவிடுவேன் போலிருக்கிறது என்று தினகரனிடம்கூடச் சொன்னாள்.

ஜூனில் நூற்று எண்பது, ஆகஸ்டில் இருநூற்றுப் பத்து. ஆயுத பூஜையன்று சென்னியப்பனை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தவர் இருமத் தொடங்கி, நிறுத்த முடியாமல், சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார். சாம்பிராணிப் புகை அதிகம் என்று யாரோ சொன்னார்கள். பூங்கோதை வேகமாகத் தலையாட்டினாள். அன்று அந்தக் கூட்டத்தில் அவ்வளவு வேகமாகத் தலையாட்டியது அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமைகளில் அவர் வருவது நிற்கவில்லை. இடைவெளி நீண்டுகொண்டே போகிறது என்பார். விரல் மடக்கி எண்ணியிருப்பார். முன்பு மூன்று விரல், இப்போது ஏழு. ஒரு முறை, "ஏனுங்க அம்மணி, அந்த எடத்துல அவன் என்னதான் பண்ணிட்டிருக்கான்?" என்று கேட்டார். அன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பூங்கோதை கனைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

டிசம்பரில் இருநூற்று அறுபதைத் தொட்டார்கள். ஜனவரியில் அவர் லீவு கேட்டார். பிப்ரவரி இரண்டாம் வாரம் இறந்துபோனார். நுரையீரல் முழுக்கப் பழைய வார்ப்படப் புழுதி. அதற்கு மேல் வேறொன்றும் பிடித்துக்கொண்டிருந்தது. போன கோடையிலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

துக்கம் கேட்கப் போனபோது அவருடைய மனைவி ருக்குமணி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். குரல் உடையாமல்தான் பேசினார்.

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு லீவு லெட்டர் எழுதி வெச்சிருந்தாருங்க. நாந்தான் எழுத வெச்சேன். மறுநா சாயங்காலம் சிரிச்சிட்டு வந்தாரு. அது ரிப்பேராமா, பூங்கோதை அம்மணி விசாரிச்சுச் சொல்லிருச்சுன்னு லெட்டரக் கிழிச்சுப் போட்டாரு. எங்களுக்காக அவ்வளவு தூரம் விசாரிச்சீங்க. நீங்களும் என்ன பண்ணுவீங்க, உங்களுக்குத் தெரியுமா?"

பூங்கோதை கனைத்தாள். "தெரியாதுங்கக்கா" என்றாள்.

ருக்குமணி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை அவள் வீட்டுக்கு வந்து நெடுநேரம் கழுவினாள். தினகரன் என்ன ஆயிற்று என்று கேட்டதற்குப் பதில் சொல்லப் பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் கனைப்பு வந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒரு புது வழக்கம் தொழிற்சாலையில் தானாகவே உண்டானது. சென்னியப்பனின் பெயரை யாரும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கும் படிவத்தில் பூங்கோதை கையெழுத்துப் போட வேண்டும், அதில் காரணம் எழுத வேண்டும், அவள் அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடியிருந்தாள். ஆகவே திங்கள் காலை எட்டு மணிக்கு அவருடைய கண்ணாடி அறையில் விளக்கு தானாக எரியும். காலி நாற்காலியைப் பார்த்து அவர் குரல் வணக்கம் சொல்லும். இலக்கு முடிந்துவிட்டது என்று சொல்லும். நின்று நின்று சொல்லும். வெளியே வரிசையில் இருப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பத்து நிமிடம் முடியும் வரை காத்திருப்பார்கள். யாரும் கதவைத் திறப்பதில்லை.

மார்ச் கடைசி வாரம் எல்லாருக்கும் அடுத்த ஆண்டின் முன்குரல் ஏறியது. எம்.டி. பூங்கோதையைக் கூப்பிட்டு மனம் நிறையப் பாராட்டினார். இன்னும் இரண்டு தொழிற்சாலைகளில் வைக்கப் போகிறார்களாம், அதற்கு ஓர் அறிக்கை வேண்டுமாம். அறிக்கையின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: ஆண்டு முழுவதும் ஏதேனும் குறை வந்ததா?

பதில் எழுதுவதற்கு முன்னால் பூங்கோதை கீழே இறங்கி, பொதுவாக விசாரிக்கிற மாதிரி, வார்ப்படப் பிரிவில் நாலைந்து பேரிடம் பேச்சுக் கொடுத்தாள். முன்குரல் சரியாகப் பேசுகிறதா என்று கேட்டாள். நன்றாகப் பேசுகிறது, கொஞ்சம் விட்டு விட்டுப் பேசுகிறது என்றார்கள் இரண்டு பேர். அச்சு மண் சலிக்கிற ஜோதிமணி, தன்னுடையது ரொம்ப நேரம் நின்றுவிடுகிறது, சில சமயம் லைன் போய்விட்டதோ என்றே நினைத்துக்கொள்வேன் என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்தாறு வயது இருக்கும்.

அன்று மாலையே பூங்கோதை ஆல்வினைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, யாரும் வருமுன், வடிகட்டியை எடுத்துவிடச் சொன்னாள். தன்னுடைய குரலை மட்டும் ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். முடிந்ததும் தானே போன் செய்வதாகவும், பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். ஏன் என்று ஆல்வின் கேட்கவில்லை. அவன் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

தனக்கும் ஏதாவது வியாதி இருக்குமோ என்ற பயத்தோடுதான் அவள் சென்னியப்பனின் அறைக்குள் போனாள். இருந்தால் தேவலாம் என்றுகூட ஒரு ஓரத்தில் தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது.

குரல் வருவதற்கு முன் ஒரு கனைப்பு வந்தது.

"வா கோதை" என்றது. மறுபடி கனைப்பு. "நான் நல்லா இருக்கேன்." கனைப்பு. "மூணு ஃபேக்டரியும் நல்லாப் போகுது." கனைப்பு. "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

ஆண்டு முழுவதும் அவள் ரசித்த நிறுத்தங்கள் அத்தனையும் அதுதான். எந்த வாக்கியத்துக்கு முன்னாலும் அது இல்லாமல் இல்லை. தினகரனைப் பற்றிக் கேட்டாள். கனைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறார் என்றது. இன்று என்ன கிழமை என்று கேட்டாள். அதற்கும் கனைத்துக்கொண்டுதான் சொன்னது. பொய்க்கும் மெய்க்கும் அந்தத் தொண்டைக்கு வித்தியாசம் போய்விட்டிருந்தது.

கேட்க வந்ததைக் கடைசியில் கேட்டாள். "சென்னியப்பண்ணா விஷயத்த யாருகிட்டயாவது சொன்னியா?"

இந்த முறை கனைப்பு நீளமாக இருந்தது. இரண்டு முறை வந்தது.

"சொல்லிட்டேன் கோதை. எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். நீ கவலப்படாத."

அவள் எழுந்து வெளியே வந்தாள். கதவைச் சாத்தத் தோன்றவில்லை. வரிசை ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தது. செருப்புகள் சுவரோரமாகக் கிடந்தன. கையில் போன் அடித்தது. ஆல்வின். "மேடம், மணி எட்டாகப் போகுது. திரும்பப் போட்டுரட்டா?"

முதல் ஆளாக நின்ற ஜோதிமணி அவளைப் பார்த்து வணக்கம் சொன்னாள்.

"வேண்டாம்" என்று பூங்கோதை போனை வைத்தாள்.

எட்டு அடித்தது. அறையில் விளக்கு எரிந்தது. சென்னியப்பனுக்கு மட்டும் புதுக்குரல் ஏறவில்லை, அதற்கு வேண்டிய பேச்சு அவரிடம் இல்லை. இது பழைய குரல். போன ஏப்ரலில் வாக்குக் கொடுத்த மார்ச், இதோ வந்துவிட்டது.

"வாங்க" என்றது குரல். "இருநூத்தி அறுவது முடிஞ்சுதுங்க." பிறகு இருமல் தொடங்கியது. அடிநெஞ்சிலிருந்து, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி, வாசலில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி வந்தது. அவர் விரல் மடக்கி எண்ணிய இடங்கள் ஒவ்வொன்றும் நிரம்பின. வரிசையில் பின்னால் நின்ற ஒரு கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஜோதிமணியின் கை தன்னை அறியாமல் நெஞ்சுக்குப் போனது. "மேடம், இது ரிப்பேருங்களா?" என்று கேட்டாள்.

பூங்கோதையின் தொண்டை அரித்தது. கனைப்பு ஏறி வந்து நாக்கின் அடியில் நின்றது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை விழுங்கினாள். கண்ணில் நீர் முட்டியது. மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினாள்.

"ரிப்பேர் இல்லீங்க ஜோதிக்கா" என்றாள். "அன்னைக்கும் ரிப்பேர் இல்ல. எனக்குத் தெரியும். உங்களுதுல வர்ற இடைவெளியும் இதுதான். நாந்தான் கேக்காமப் பண்ணி வெச்சேன்."

உள்ளே அவர் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் முடிகிறவரை எல்லாரும் நின்று கேட்டார்கள்.